எஸ்டேட் பங்களாவிலிருந்து வந்த பித்தளை டெலஸ்கோப்: பிரித்துச் சுத்தம் செய்ய வழி கேட்கிறேன்

காப்பிக்காட்டுப் பேரன் | சனி இரவு

எல்லோருக்கும் வணக்கம். சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கிறேன், பூர்வீகம் ஏற்காடு. தாத்தா ஒரு காப்பித் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு எழுதினார். துரை ஊருக்குத் திரும்பியபோது, பங்களாவில் இருந்த கையில் பிடித்துப் பார்க்கும் பித்தளை டெலஸ்கோப்பைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். சின்ன வயதில் மழைக்காலம் முடிந்து வானம் வெளுத்தால், தாத்தா என்னைத் திண்ணையில் நிறுத்தி அதன் வழியாகச் சேலத்தைக் காட்டுவார். ரயில் புகையைப் பார்த்த ஞாபகம் இன்னும் இருக்கிறது.

போன வாரம் பழைய வீட்டை ஒழித்தபோது பரண்மேல் தோல் பையோடு கிடைத்தது. வெளிக்குழல் மரம், மஹோகனி போலிருக்கிறது. அதற்குள்ளிருந்து மூன்று பித்தளைக் குழல்கள் ஒன்றுக்குள் ஒன்றாக இழுத்து நீள்கின்றன. மடக்கினால் ஒரு சாண் கொஞ்சம் கூட, முழுக்க இழுத்தால் முக்கால் மீட்டர். முன் லென்ஸ் சுமார் 40 மில்லிமீட்டர். கண் வைக்கும் பக்கக் குழலில் 'டாலண்ட், லண்டன்' என்று சாய்வெழுத்தில் வெட்டியிருக்கிறது.

பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பால் ஊற்றிய மாதிரி வெள்ளையாக இருக்கிறது. டார்ச் அடித்தால் முன் லென்ஸின் உள்ளே சிலந்தி வலை போல இழைகள். நடுக்குழல் பாதியில் இறுகி நிற்கிறது. மரக்குழலின் பின்பக்கப் பட்டை திருகவே மாட்டேன் என்கிறது.

இரண்டு தவறு நடந்துவிட்டது, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கிடைத்த சந்தோஷத்தில் முன்மூடியைப் புளி போட்டுத் தேய்த்தேன். ஒரு ரூபாய் அளவு இடம் செம்பு மாதிரி சிவந்துவிட்டது. அப்புறம் டவுனில் ஒரு கடையில் கொடுத்தேன். பட்டையைத் திறக்க அதை வைஸில் (இரும்புப் பிடிகருவியில்) பிடித்து இறுக்கினார்கள். லேசாக நசுங்கியதும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இனி யார் கையிலும் கொடுக்க மனம் வரவில்லை. நானே செய்ய முடியுமா?


ஐந்து ரோடு | சனி இரவு

அருமையான பொருள் தம்பி. புளியும் செங்கல் தூளும் நம் வீட்டுக் குத்துவிளக்குக்கு எத்தனை தலைமுறையாகப் போடுகிறோம்! இல்லையென்றால் கடையில் கிடைக்கும் பித்தளை பாலிஷ் திரவத்தைப் போட்டு முழுக்கத் தேய்த்துவிடுங்கள், எல்லா இடமும் ஒரே நிறத்துக்கு வந்துவிடும்.


செவ்வாப்பேட்டை பட்டறை | சனி இரவு

அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது, இதில் நான் மாறுபடுகிறேன். நான் கொலுசு வேலைக்காரன், உலோகத்தைத் தேய்ப்பதே என் பிழைப்பு. அதனால்தான் சொல்கிறேன், இதைத் தேய்க்காதீர்கள்.

குத்துவிளக்கு கெட்டியான வார்ப்பு. நூறு வருடம் தேய்த்தாலும் தாங்கும். இந்தக் குழல் ஒரு மில்லிமீட்டர்கூடக் கனம் இருக்காது. ஒன்றுக்குள் ஒன்று உரசாமலும் ஆடாமலும் வழுக்குகிற அளவுக்குக் கடைந்தது. தேய்க்கத் தேய்க்க இடைவெளி கூடும், வெட்டிய எழுத்தும் மழுங்கும். மேலே தெரியும் அந்தத் தேன் நிறம் அழுக்கில்லை. பித்தளையைச் சூடு காட்டி அரக்கைச் சாராயத்தில் கரைத்து மெல்லிசாகப் பூசிய மெருகு அது. போனால் அதே மாதிரி திரும்பப் பூசுவதற்கு ஆள் கிடைப்பது கஷ்டம்.

புளி ஏன் சிவக்க வைத்தது என்றால், பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளிப்பில் துத்தநாகம் முதலில் கரையும், செம்பு மேலே நிற்கும். அந்த இடத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் நன்றாகத் துடைத்து ஈரமில்லாமல் விட்டுவிடுங்கள். கை பட்டுப் பட்டு நிறம் அடங்கிவிடும். அதைச் சரிசெய்கிறேன் என்று மேலும் தேய்த்தால் சிவப்பு பெரிதாகும்.

அழுக்குக்குப் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீர் போதும். பழைய வேட்டித் துணியை அதில் நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். பச்சைக் களிம்பு பிடித்த இடத்தை மூங்கில் குச்சியைச் சீவி மெதுவாகச் சுரண்டலாம். உப்புக்காகிதம் கிட்டவே வரக்கூடாது.


லேப் உதவியாளர் | ஞாயிறு காலை

ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் இருபத்தேழு வருடம் கருவிகளைப் பராமரித்து ஓய்வு பெற்றவன் நான். பட்டறைக்காரர் சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். பாலிஷ் திரவத்தைப் பற்றி மட்டும் இன்னொரு விஷயம். அவற்றில் பலவற்றில் அமோனியா இருக்கிறது. பித்தளைக்கும் அமோனியாவுக்கும் ஆகாது, அது தெரியவந்ததே நம் நாட்டில்தான். 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த பிரிட்டிஷ் படையின் தோட்டாக்கள் மழைக்காலங்களில் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாவும் ஈரமும் சேர்ந்து, உள்ளுக்குள் இறுக்கம் கொண்ட பித்தளையைப் பிளந்தன. சரியான விளக்கம் 1921இல்தான் வந்தது. இழுத்து நீட்டிய மெல்லிய குழலிலும் அதே இறுக்கம் உண்டு.

இப்போது உங்கள் டெலஸ்கோப்பின் முக்கியமான பகுதிக்கு வருவோம். முன்னால் இருப்பது ஒற்றைக் கண்ணாடி இல்லை, இரண்டு. குவிந்தது கிரவுன் கண்ணாடி, குழிந்தது ஈயம் கலந்த பிளின்ட் கண்ணாடி. ஒற்றை லென்ஸில் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு தூரத்தில் குவியும், அதனால் எல்லாவற்றுக்கும் ஊதாவும் மஞ்சளுமாக விளிம்பு கட்டும். இந்த இரட்டை அதைச் சரிசெய்கிறது. செஸ்டர் மூர் ஹால் என்பவர் 1730களிலேயே இதைச் செய்துவிட்டார். ஆனால் 1758இல் காப்புரிமை வாங்கி ஊரெல்லாம் பரப்பியவர் ஜான் டாலண்ட். உங்கள் குழலில் இருப்பது அவர் குடும்பப் பெயர். பெயரை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். அந்தப் பெயருக்கு இருந்த மதிப்பால் வேறு பலரும் அதை வெட்டி விற்றார்கள். சிலர் ஆங்கிலத்தில் இரண்டாவது 'ஓ' எழுத்துக்குப் பதில் 'ஏ' போட்டும் விற்றார்கள். எழுத்தை ஒருமுறை கூர்ந்து பாருங்கள்.

முதல் வேலை, பிரிக்காமலேயே ஒரு சோதனை. இருட்டறையில் முன் லென்ஸுக்கு எதிரே ஒரு மெழுகுவர்த்தியைப் பிடித்துச் சாய்வாகப் பாருங்கள். சுடரின் பிம்பங்களை எண்ணுங்கள். நான்கும் பளிச்சென்று தெரிந்தால் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே காற்று இருக்கிறது, ஒட்டவில்லை. இரண்டு பளிச்சென்றும் நடுவில் ஒன்று மிக மங்கலாகவும் தெரிந்தால் கனடா பால்சம் என்ற மரப்பிசினால் ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியிருந்தால் பிரிக்காதீர்கள். இழைகள் பிசினுக்குள் இருந்தாலும் அப்படியே விடுங்கள். சூடு காட்டிப் பிரிக்கப் போய்க் கண்ணாடி வெடித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.


சூரமங்கலம் டர்னர் | ஞாயிறு காலை

லேத் வேலை பார்க்கிறேன். மரை, அதாவது திருகு வரி, திறக்காததற்கு என் யோசனை.

மெல்லிய குழலை வைஸிலோ பைப் ரெஞ்சிலோ பிடித்தால் வட்டம் முட்டையாகும். வட்டம் கெட்டால் மரை இன்னும் கடிக்கும். ஆகவே பிடி சுற்றிலும் ஒரே சீராக இருக்க வேண்டும். பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, மரைக்கு ஒட்டினாற்போல் இரண்டு பக்கமும் சுற்றி, உள்ளங்கையால் முழுக்கப் பிடித்துத் திருகுங்கள். அசையவில்லையென்றால் வெளிப்பட்டையை மட்டும் தலைமுடி உலர்த்தியால் இரண்டு நிமிடம் சூடாக்குங்கள். 50 மில்லிமீட்டர் பித்தளை வளையம் 40 டிகிரி சூடேறினால் 0.04 மில்லிமீட்டர் அளவுக்கு விரியும். கேட்க அற்பமாகத் தோன்றும், இறுகிய மரைக்கு அது போதும். லென்ஸ் அந்தப் பாகத்தில் இருக்கக் கூடாது, முதலில் கழற்றிவிடுங்கள்.

ஆனால் இதெல்லாம் பிறகு. மரத்தில் மாட்டிய பட்டை என்கிறீர்கள். மரக்குழலில் பல நேரம் மரையே இருக்காது, பொடித் திருகாணிகள்தான் பிடித்திருக்கும். அழுக்கும் மெருகும் மூடித் தலை தெரியாமல் போயிருக்கும். பலம் கொடுப்பதற்கு முன் பட்டையைச் சுற்றி நகத்தால் தடவிப் பாருங்கள்.


காப்பிக்காட்டுப் பேரன் | ஞாயிறு இரவு

டர்னர் அண்ணே, கையெடுத்துக் கும்பிடுகிறேன்! பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பல் துலக்கும் பிரஷ்ஷை நனைத்துப் பட்டையைச் சுற்றி மெதுவாகத் தேய்த்தேன். மூன்று திருகாணிகள். கடுகைவிடக் கொஞ்சம் பெரிய தலை, நடுவில் ஒரு கீறல். அந்தக் கடையில் திறக்க முயன்றது திருகாணி போட்டுப் பிடித்த பட்டையை.

மூக்குக்கண்ணாடி திருகும் சின்னத் திருப்புளியால் மூன்றும் வந்துவிட்டன. குழல்கள் மொத்தமாக வெளியே வந்தன. எழுத்தையும் பார்த்தேன், இரண்டு இடத்திலும் 'ஓ'தான். மெழுகுவர்த்திச் சோதனையில் நான்கு சுடர் தெளிவாகத் தெரிகிறது. அப்படியானால் பிரிக்கலாமா ஐயா?


லேப் உதவியாளர் | ஞாயிறு இரவு

பிரிக்கலாம். மூன்று திருகாணியையும் எந்தத் துளையிலிருந்து எடுத்தீர்களோ அதே வரிசையில் ஓர் அட்டையில் குத்தி வையுங்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொன்றும் கையால் பொருத்தியது, இடம் மாறினால் ஏறாது.

இப்போது முன் லென்ஸ். லென்ஸ் உட்கார்ந்திருக்கும் பித்தளைக் கிண்ணத்தின் உட்புறம் பாருங்கள். விளிம்பைக் கண்ணாடியின் மேல் மடித்து அழுத்தியிருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வெளிப்புறத்தை மட்டும் துடைக்கலாம். எதிரெதிரே இரண்டு வெட்டுகளோடு ஒரு வளையம் தெரிந்தால் அது திருகிக் கழலும். அதற்குக் கவராயத்தைப் போட்டுத் திருப்பலாம் என்று தோன்றும். அதன் முனை கூர்மை, வழுக்கினால் கண்ணாடியில் கோடு விழும். எவர்சில்வர் தகட்டை வளையத்தின் விட்டத்துக்கு வெட்டி, இரண்டு முனைகளையும் வெட்டுக்குள் உட்காரும் மாதிரி அரம் போட்டு மழுக்கிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர வேலை. அதைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள்.

வளையம் வந்ததும் கிண்ணத்தைக் கவிழ்த்துத் தட்டக் கூடாது. லென்ஸைவிடக் கொஞ்சம் சின்னதாக ஒரு மருந்துப் புட்டியின் மூடியில் துணி சுற்றி மேஜையில் நிமிர்த்தி வையுங்கள். கிண்ணத்தை அதன் மேல் மெதுவாக இறக்குங்கள். லென்ஸ் மூடியின் மேல் தங்கும், கிண்ணம் கீழே போகும். இறுகியிருந்தால் கிண்ணத்தை லேசாகச் சூடு காட்டுங்கள், பித்தளை கண்ணாடியைவிட இரண்டு மடங்கு விரியும்.

இரண்டு கண்ணாடிகளையும் பிரிக்கும் முன் பக்கவாட்டு விளிம்பில், இரண்டின் மேலும் சேர்ந்து விழும்படி பென்சிலால் ஒரு 'வி' போடுங்கள். கூர்முனை முன்பக்கம் பார்க்கட்டும். எந்த முகம் முன்னால், எந்தக் கோணத்தில் பொருந்தியது என்ற இரண்டும் அந்த ஒரு குறியில் அடங்கிவிடும். விளிம்பில் நடுவே மூன்று சின்னத் தகரத்தாள் துண்டுகள் இருந்தால் அவை குப்பையில்லை. காற்றிடைவெளியைக் காப்பதற்காக வைத்தவை.

துடைப்பது இப்படி. முதலில் ரப்பர் பந்தால் ஊதி மணலைப் போக்குங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம், நல்ல பஞ்சு, அழுத்தாமல் நடுவிலிருந்து விளிம்புக்கு ஒரே இழுப்பு, பஞ்சைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்தது. ஒரு லென்ஸுக்கு இருபது பஞ்சு ஆனாலும் ஆகட்டும். கடைசியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால். அந்த ஆல்கஹால் பித்தளை மேல் ஒரு சொட்டும் படக்கூடாது, அரக்கு மெருகு அதில் கரைந்துவிடும். கண்ணாடிக்கு மருந்து, மெருகுக்கு விஷம். ஆகவே லென்ஸை வெளியே எடுத்த பிறகுதான் துடைக்க வேண்டும்.

பிளின்ட் பக்கத்தில் இன்னும் நிதானம் வேண்டும். ஈயம் கலந்த கண்ணாடி மிருதுவானது, சீக்கிரம் கறை பிடிக்கும். எதிலும் ஊறப் போடாதீர்கள்.


நாகலூர்க்காரி | திங்கள் காலை

நான் மலையிலேயே இருப்பவள். பூஞ்சை எங்கள் வீட்டில் விருந்தாளி இல்லை, குடும்பத்தில் ஒருத்தர். இங்கே தென்மேற்கிலும் மழை, வடகிழக்கிலும் மழை, நடுவில் பனிமூட்டம். துணி காய நான்கு நாள் ஆகும். தம்பி சொன்ன தோல் பையைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

என் கணவரின் அப்பாவின் பைனாகுலர் அதே மாதிரி தோல் பெட்டியில் இருந்து கெட்டது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதோடு தோல் காய்ந்து போகிறதே என்று வருடா வருடம் தேங்காயெண்ணெய் தடவினோம். பூஞ்சைக்கு நாங்களே சோறு போட்டிருக்கிறோம். தயவுசெய்து பையைத் தனியாக வையுங்கள், எண்ணெய் தடவாதீர்கள். டெலஸ்கோப்பை அதற்குள் மறுபடி வைக்கவே வேண்டாம்.


வானம் பார்ப்பவன் | திங்கள் மாலை

சேலத்தில் மொட்டை மாடியிலிருந்து நட்சத்திரம் பார்க்கும் ஆள் நான். சுத்தம் செய்த பிறகு ஆசையில் எதை வேண்டுமானாலும் பார்க்கத் தோன்றும். சூரியனை மட்டும் ஒரு நொடிகூடப் பார்க்க வேண்டாம். பழைய டெலஸ்கோப் சிலவற்றில் கண் பக்கம் கறுப்புக் கண்ணாடி ஒன்று வரும். அதை நம்பவே கூடாது. குவிந்த வெயிலின் சூட்டில் அது விரிந்து உடைந்தால் கண் போய்விடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் முதலில் அதைக் கழற்றி ஒளித்து வையுங்கள்.


காப்பிக்காட்டுப் பேரன் | வியாழன் இரவு

நான்கு நாள் லீவு போட்டது மாதிரி இதிலேயே கிடந்தேன்.

செவ்வாய்க்கிழமை முன் லென்ஸ். தகட்டுச் சாவியை அரம் போட்டு முடிக்க ஒரு மணி நேரம் இல்லை ஐயா, மூன்று மணி நேரம் ஆனது. ஆனால் வளையம் கால் சுற்றில் இளகியது. புட்டி மூடி உபாயம் நீங்கள் சொன்னபடியே நடந்தது, லென்ஸ் தானாக எழுந்து வந்த மாதிரி இருந்தது. பென்சிலை எடுத்துக்கொண்டு 'வி' போடப் போனேன். விளிம்பை வெளிச்சத்தில் திருப்பினால், ஏற்கெனவே அங்கே ஒரு 'வி' இருந்தது. மங்கிய பென்சில் கோடு, இரண்டு கண்ணாடியிலும் சேர்ந்து ஓடுகிறது. கொஞ்ச நேரம் எனக்குக் கை ஓடவில்லை. செய்தவர் போட்டதா, எனக்கு முன் யாரோ பிரித்துத் துடைத்தபோது போட்டதா? மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதன் மேல் எழுத மனம் வராமல், அந்தக் குறியையே வைத்துக்கொண்டேன்.

பூஞ்சை இரண்டு கண்ணாடிக்கும் நடுவில்தான் படர்ந்திருந்தது. கிரவுன் பக்கம் முழுக்கப் போய்விட்டது. பிளின்ட் பக்கம் ஓரத்தில் நகக்கண் அளவு ஓர் இடத்தில் இழையின் தடம் கண்ணாடியிலேயே அரித்துவிட்டிருக்கிறது. அதை விட்டுவிட்டேன்.

புதன்கிழமை கண் பக்கம். அங்கே நான்கு சின்ன லென்ஸ்கள். வரிசை குழம்பக் கூடாதே என்று யோசித்து, இட்லித் தட்டில் துணி விரித்து நான்கு குழியிலும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சீட்டு எழுதி வைத்தேன். ஒவ்வொன்றையும் எடுக்கும் முன் படமும் எடுத்தேன். நடுக்குழலின் இறுக்கத்துக்குக் காரணம் பழைய கிரீஸ். புளியங்கொட்டை மாதிரி கெட்டிப்பட்டிருந்தது. துணியில் துளி மண்ணெண்ணெய் தொட்டு எடுத்தேன், மெருகுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எல்லாம் மாட்டினேன். நடுவில் தெளிவாக இருக்கிறது, ஓரம் முழுக்கக் குழைகிறது. எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வளைந்து தெரிகிறது. துடைக்கும்போது மூன்றாவது லென்ஸ் துணியிலிருந்து உருண்டுவிட்டது. படத்தைப் பார்க்காமல் குத்துமதிப்பாக எடுத்து வைத்தேன். அதுதானா?


லேப் உதவியாளர் | வெள்ளி காலை

அதுவேதான். இவை ஒரு முகம் தட்டையாகவும் மறுமுகம் குவிந்தும் இருக்கும் லென்ஸ்கள். கையால் தடவிப் பார்க்காமலே தெரிந்துகொள்ளலாம். ஜன்னலுக்கு எதிரே நின்று மேல் முகத்தில் விழும் ஜன்னலின் பிம்பத்தைப் பாருங்கள். தட்டை முகம் நிலைக்கண்ணாடி போல ஜன்னலை அதே அளவில் காட்டும். குவிந்த முகத்தில் ஜன்னல் குட்டியாகத் தெரியும். மேல் முகத்துப் பிம்பத்துக்குக் கீழே மறுமுகத்தின் பிம்பமும் மங்கலாகத் தெரியும், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இப்போது உங்கள் படத்தை எடுத்து எந்த முகம் கண் பக்கம் இருந்தது என்று ஒத்துப் பாருங்கள்.

நான்கு லென்ஸ் ஏன் என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். முன் லென்ஸ் தரும் பிம்பம் தலைகீழானது. வானத்துக்கு அது பரவாயில்லை. கப்பலையும் மலையையும் பார்ப்பவருக்கு ஆகாது. அதனால் முதல் இரண்டு லென்ஸ்கள் பிம்பத்தை நிமிர்த்துகின்றன, மற்ற இரண்டும் பெரிதாக்கிக் கண்ணுக்குக் கொடுக்கின்றன. நிமிர்த்தும் இரண்டுக்கும் நடுவே குண்டூசித் தலை அளவு துளையுள்ள ஒரு கறுப்புத் தட்டு இருக்கும். பலர் அதை அடைப்பு என்று நினைத்து எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். உள்ளே பூசிய கறுப்பையும் கழுவக் கூடாது. வேண்டாத வெளிச்சத்தை விழுங்குவதற்காகவே பூசியது அது.


காப்பிக்காட்டுப் பேரன் | வெள்ளி மதியம்

திருப்பிப் போட்டேன். தண்ணீர்த் தொட்டி நேராகிவிட்டது! கறுப்புத் தட்டு பத்திரமாக இருக்கிறது, நல்லவேளையாக அதைத் தொடவில்லை.

இன்னும் ஒரே குறை, வைஸில் நசுங்கிய இடம். பட்டை மரத்தில் முழுக்க உட்காரவில்லை.


சூரமங்கலம் டர்னர் | வெள்ளி மாலை

பட்டையின் உள்விட்டத்துக்கு வேப்பங்கட்டையிலோ தேக்கிலோ ஓர் உருளை கடைந்து, முனையை லேசாகக் கூம்பாக்கி, உள்ளே நுழைத்து மெதுவாகச் சுற்றிச் சுற்றித் தள்ளினால் வட்டம் திரும்பும். சுத்தியல் வேண்டாம், நெருப்பும் வேண்டாம். அளவு எடுத்து அனுப்புங்கள், உருளையை நான் கடைந்து தருகிறேன். காசெல்லாம் பேச வேண்டாம். வந்து அந்தப் பென்சில் கோட்டை ஒரு தடவை காட்டினால் போதும்.

மாட்டும்போது இன்னொன்று. பொடி மரையை நேராக முன்னால் திருகாதீர்கள். முதலில் பின்பக்கமாகத் திருப்புங்கள். ஓர் இடத்தில் 'டிக்' என்று லேசாக இறங்கும். அங்கிருந்து முன்னால் திருகினால் மரை மேல் மரை ஏறாது. பித்தளையில் ஒருமுறை மரை தின்றுவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.


செவ்வாப்பேட்டை பட்டறை | வெள்ளி இரவு

குழல்கள் வழுக்குவதற்கு எண்ணெய் விடாதீர்கள். தூசி சேர்ந்து அரைக்கும், வெயிலில் உருகி லென்ஸ் வரை ஊரும். சுத்தமான தேன்மெழுகைத் துணியில் தேய்த்து, அந்தத் துணியால் குழலை ஒரு தடவை துடைத்து, வேறு துணியால் மறுபடி துடைத்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு போதும்.


காப்பிக்காட்டுப் பேரன் | அடுத்த ஞாயிறு இரவு

வெள்ளிக்கிழமை இரவே டர்னர் அண்ணன் உருளையைக் கடைந்துவிட்டார். சனிக்கிழமை பட்டறையில் உட்கார்ந்து இரண்டு பேருமாகப் பட்டையை வட்டத்துக்குக் கொண்டுவந்தோம். நசுங்கிய தடம் உற்றுப் பார்த்தால் தெரிகிறது, ஆனால் பட்டை மரத்தில் அச்சாக உட்கார்ந்துவிட்டது. அவர் பென்சில் கோட்டைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, கோடு இழுத்தவர் கை நடுங்கவில்லை என்றார்.

இன்று விடிகாலை ஏற்காட்டுக்குப் போனேன். இருபது கொண்டை ஊசி வளைவும் மூட்டம், திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். லேடீஸ் சீட்டில் எட்டு மணிக்குமேல்தான் விலகியது. அங்கே சுற்றுலாக்காரர்களுக்கென்று டெலஸ்கோப் இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். நான் ஓரமாகக் கைப்பிடிச் சுவரில் குழலைச் சாய்த்து வைத்துக்கொண்டேன். கையில் பிடித்தால் 25 மடங்கில் நெஞ்சுத் துடிப்புகூட ஆட்டுகிறது.

முதலில் கண்ணில் பட்டது அடிவாரத்து மாக்னசைட் சுரங்கத்தின் வெள்ளைத் திட்டு. வெறும் கண்ணுக்குச் சுண்ணாம்பு கொட்டிய மாதிரி தெரிவது, உள்ளே படிப்படியாக வெட்டிய விளிம்புகளாகத் தெரிந்தது. வெள்ளையும் நிழலும் சேரும் இடத்தில் ஊதா விளிம்பு கட்டவில்லை. முன் லென்ஸ் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அப்போதுதான் நம்பினேன். அப்புறம் ஊருக்குள் தேடினேன். தண்டவாளத்தைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பெட்டிகளை எண்ணும் அளவுக்கு ஒரு ரயில் ஜங்ஷனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. புகை இல்லை, அவ்வளவுதான். மேற்கே மேட்டூர் அணைப் பக்கம் மூட்டம் கலையவில்லை.

அம்மாவையும் கூட்டிப் போயிருந்தேன். அவர் பார்த்துவிட்டு, "அப்பா கடைசியில் இதில் ஒன்றும் தெரியலைன்னு சொல்வார், கண்தான் போச்சுன்னு நினைச்சோம்" என்றார். அதைக் கேட்டதிலிருந்து மனசு ஒரு மாதிரி இருக்கிறது.


வானம் பார்ப்பவன் | அடுத்த ஞாயிறு இரவு

படிக்கவே நிறைவாக இருக்கிறது. வியாழன் கோள் உயரே வரும் மாதத்தில் மாடிக்கு எடுத்துக்கொண்டு வாருங்கள். முக்காலி தருகிறேன். நான்கு நிலவுகளும் இந்த டெலஸ்கோப்பில் தெரியும்.


நாகலூர்க்காரி | திங்கள் காலை

தம்பி, இனி எங்கே வைக்கப் போகிறீர்கள்? மலை வீட்டில் வைத்தால் வரும் ஆடி மழையிலேயே பூஞ்சை திரும்பிவிடும். நாங்கள் இப்போது பைனாகுலரைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறோம். நீல நிறம் மாறினால் வாணலியில் மெல்லிய சூட்டில் வறுத்து எடுத்தால் மறுபடி வேலை செய்யும். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.


லேப் உதவியாளர் | திங்கள் காலை

அம்மா சொல்வது பைனாகுலருக்குச் சரி. இதில் மரக்குழல் இருப்பதால் ஒரு திருத்தம். ரொம்பவும் உலர்த்தினால் மஹோகனி சுருங்கி நீளவாக்கில் வெடிக்கும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றைக் கூடவே வையுங்கள். 45 சதவீதத்துக்கும் 55 சதவீதத்துக்கும் நடுவில் நின்றால் மரத்துக்கும் நல்லது, பூஞ்சையும் முளைக்காது. சேலம் வீட்டில் அலமாரியின் உள்தட்டு போதும். சித்திரை வெயிலில் காரில் மட்டும் விட்டுவிடாதீர்கள். மாதம் ஒருமுறை எடுத்து முழுக்க இழுத்து, வெளிச்சமும் காற்றும் படும்படி ஒரு மணி நேரம் வையுங்கள்.


காப்பிக்காட்டுப் பேரன் | திங்கள் இரவு

அப்படியே செய்கிறேன் ஐயா. பிரித்த வரிசை, நான்கு லென்ஸும் எந்த முகம் எந்தப் பக்கம், மூன்று திருகாணியின் இடம், பிளின்ட் ஓரத்தில் இருக்கும் அரிப்பு, நான் புளி போட்ட இடம், எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் எழுதி டப்பாவுக்குள் போட்டு வைக்கலாம் என்றிருக்கிறேன். அடுத்து யார் திறந்தாலும் உதவும்.


லேப் உதவியாளர் | திங்கள் இரவு

நல்ல காரியம். பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறிவிடும்.